ஊழியம் செய்யப்போன இடத்தில் ஜெபம் வறண்டுபோனால்: ஒரு சகோதரரின் கேள்விக்குப் பதில்

சகோதரர் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் வரலாற்றுக் கேள்வி. அந்நிய தேசத்தில் ஊழியம் செய்த முற்காலத்து மிஷனரிகளுக்கு உபத்திரவத்தின் நடுவே விசுவாசத்தினால் பெலன் கிடைத்தது என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்வது உண்மையா, பின்னால் வந்தவர்கள் மெருகேற்றியதா என்று கேட்கிறார். ஆனால் தம்மைப்பற்றி அவர் எழுதியிருக்கும் நாலைந்து வரிகளைச் சேர்த்துப் படித்தால் கேள்வி வேறாகிவிடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்க நாடொன்றின் மிஷன் மருத்துவமனைக்கு ஆய்வகப் பணியாளராகப் போய் மூன்றாவது வருடம் நடக்கிறது. இரண்டு தடவை மலேரியா வந்துபோயிருக்கிறது. தகப்பனார் இறந்தபோது அடக்கத்துக்கு வந்துசேர முடியவில்லை. ஊரில் தாங்கும் சபைகளுக்கு மாதந்தோறும் ஜெபக் கடிதம் எழுதும்போது நல்ல செய்திகளாகவே எழுதுகிறார். தனியே முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை. இதைக் கேள்விப்பட்ட மூப்பர் ஒருவர் அதற்கு "விசுவாசக் குறைவு" என்று பெயர் வைத்துவிட்டார். ஆகவே அவர் உண்மையில் கேட்பது, பெலன் வரவில்லை என்பதால் என் விசுவாசம் பொய்யா, என் அழைப்பு பொய்யா என்பதுதான்.

நான் இறையியல் கல்லூரியில் சபை வரலாறு கற்பித்தவன். விடுமுறையில் ஊர் திரும்பும் மிஷனரிகளோடு உட்கார்ந்து பேசுவதும் பல வருடங்களாக என் பொறுப்பாக இருந்து வருகிறது. அந்த இரண்டிலிருந்தும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்ல. உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. இந்த இரண்டு குறைகளும் கீழே ஓரிடத்தில் முக்கியமாகும்.

வரலாற்றுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு அதோனிராம் ஜட்சனைவிடப் பொருத்தமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. நம் வாலிபர் முகாம்களில் அடிக்கடி சொல்லப்படும் பெயர். ஆனால் பாதிக் கதைதான் சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த அவரும் மனைவி ஆனும் 1812இல் கப்பலேறி, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி தங்க விடாததால் அலைந்து, 1813 ஜூனில் சென்னைத் துறையிலிருந்துதான் ரங்கூனுக்குப் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்திலேயே அவர்களுடைய முதல் குழந்தை இறந்து பிறந்தது. இரண்டாவது பிள்ளை ரோஜர் எட்டு மாதத்தில் இறந்தான். முதல் பர்மிய விசுவாசியான மாவுங் நௌ ஞானஸ்நானம் பெற்றது 1819இல், அதாவது அவர்கள் ரங்கூனில் இறங்கி ஆறு வருடம் கழித்து. இந்த ஆறு வருடத்தில் அவர்கள் எழுதிய ஜெபக் கடிதங்களில் எண்ணிக்கை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது என்பதை, மாதக் கடிதத்தோடு போராடும் நீங்கள் யோசித்துப் பார்க்கலாம்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் யுத்தம் மூண்டது. வெள்ளைக்காரர் எல்லாரும் ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில், ஜூன் மாதம் தலைநகரான ஆவாவில் ஜட்சனைப் பிடித்து மரணக் கைதிகளின் சிறையில் போட்டார்கள். காலில் விலங்கு, இரவானால் கைதிகளின் கால்களுக்கிடையே ஒரு மூங்கிலைச் செருகி, தோளும் தலையும் மட்டும் தரையில் படும்படி மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். பாதி மயக்கத்தில் விடியும்வரை அப்படியே கிடக்க வேண்டும். அந்நாட்களில் ஆன் கர்ப்பிணி. அந்த நிலையிலும் அதிகாரிகளின் வாசல் வாசலாக நின்று மன்றாடினார். காவலருக்குக் கையூட்டுக் கொடுத்துச் சாப்பாடு கொண்டுபோனார். பர்மிய மொழிப் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை யாரும் ஆசைப்படாத கெட்டியான தலையணை ஒன்றில் வைத்துத் தைத்து, கணவன் தலைக்கு வைத்துக்கொள்ளக் கொடுத்தார். பிறகு கைதிகளை ஔங்பின்லே என்ற ஊருக்கு மாற்றியபோது, காவலர் அந்தத் தலையணையின் மேலுறையைப் பிடுங்கிக்கொண்டு பஞ்சை எறிந்துவிட்டார்கள். விசுவாசியான மாவுங் இங், உள்ளே இருப்பது தெரியாமலே, போதகரின் ஞாபகமாக அதை எடுத்து வைத்திருந்தார். பிரதி தப்பியது.

முகாம் பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இந்தத் தலையணையோடு முடிந்துவிடும். எனக்கோ அதற்கடுத்து ஔங்பின்லேயில் நடந்த ஒரு காரியம்தான் மனதில் நிற்கிறது. ஆனும் கைக்குழந்தை மரியாவைத் தூக்கிக்கொண்டு அங்கே பின்தொடர்ந்தார். போன இடத்தில் நோய் முற்றி, பால் வற்றிப்போனது. காவலருக்குக் கொஞ்சம் கொடுத்துச் சம்மதம் வாங்கிய பிறகு, ஜட்சன் விலங்குக் காலோடு அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய், பால்குடிப் பிள்ளை இருக்கும் தாய்மாரிடம் என் பிள்ளைக்கும் ஒரு வாய் பால் கொடுங்கள் என்று கேட்டு நடந்தார். யாருக்குப் போதிக்க வந்தாரோ அந்தப் பர்மியப் பெண்களின் தயவில் அவருடைய பிள்ளை உயிர் பிழைத்தது. அவருக்குப் பெலன் எப்படி வந்தது என்று கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். சிறையில் அவரைத் தாங்கியது ஆன் கால்நோக நடந்த நடை. பிள்ளையைத் தாங்கியது பெயர் தெரியாத தாய்மார். இதையெல்லாம் கர்த்தர் தாங்கிய விதமாக ஜட்சன் எடுத்துக்கொண்டார். விசுவாசி அல்லாத ஒருவர் வேறு விதமாகச் சொல்லலாம். அது வரலாறு தீர்க்கக்கூடிய வழக்கு அல்ல.

யுத்தம் 1826 பிப்ரவரியில் யாந்தபோ உடன்படிக்கையோடு முடிந்தது. பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதால் ஜட்சன் அதற்கு முன்பே சிறையிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டிருந்தார். பாடுகள் தீர்ந்தன என்று நினைக்கிற இடத்தில்தான் மிக மோசமானது வந்தது. அவர் மறுபடியும் ஆவாவுக்கு ஒரு தூதுக்குழுவோடு போயிருந்தபோது, 1826 அக்டோபர் 24 அன்று பர்மாவின் அம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் ஆன் காய்ச்சலில் இறந்தார். செய்தி அவர் கைக்கு வந்துசேர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் அடக்கம் முடிந்து மண் காய்ந்திருக்கும். ஆறு மாதத்தில் மரியாவும் இறந்துபோனாள். சிறையில் நொறுங்காதவர் அதன் பிறகு நொறுங்கினார். மௌல்மேன் என்ற பர்மிய ஊரில் காட்டோரமாகக் குடிசை போட்டுத் தனியே இருந்தார்; தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் அருகே உட்கார்ந்து, தன் உடல் அழுகுவதைப்பற்றித் தியானித்தார். ஆனின் மூன்றாம் நினைவு நாளில் எழுதிய கடிதத்தில், தேவன் எனக்கு அறியப்படாதவராக இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடையவில்லை என்ற பொருளில் எழுதினார். பர்மிய சபையின் தகப்பன் என்று போற்றப்படுகிறவர் எழுதிய வார்த்தை இது. உங்களுக்கு விசுவாசக் குறைவு என்று சொன்ன மூப்பர் அன்றைக்கு மௌல்மேனில் இருந்திருந்தால் ஜட்சனிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இனி, நிச்சயமானது எது, சந்தேகமானது எது என்று பிரிக்கிறேன். இருள் வந்தது நிச்சயம். அவர் கைப்பட எழுதியிருக்கிறார். அந்த இருளில் அவர் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை என்பதும் நிச்சயம். 1830இல் ஆற்றின் வழியாக உள்நாட்டுக்குப் பிரசங்கிக்கப் போனார். 1834 ஜனவரி 31 அன்று பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு முழுவதையும் முடித்தார். அந்த வேதாகமம் மியான்மார் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது. ஆனால் அவர் எதனால் எழுந்தார் என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. காலம் போனதாலா, சக ஊழியர்களின் அன்பாலா, மேசைமேல் முடிக்க வேண்டிய எபிரெயப் பக்கங்கள் தினமும் காத்திருந்ததாலா, கிருபையின் நேரடிக் கிரியையாலா? இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்க முடியும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆகவே உங்கள் வரலாற்றுக் கேள்விக்கு என் பதில்: பெலன் கிடைத்தது என்பது மெருகேற்றல் அல்ல, அது கிடைத்த வேளையில் அவர்களுக்குப் பெலனாகத் தெரிந்தது என்பதுதான் மெருகேற்றல். கடிதங்களை வரிசையாகப் படித்தால், தாங்கப்பட்டோம் என்பதை அவர்கள் பெரும்பாலும் பின்னால் திரும்பிப் பார்த்தபோதே கண்டார்கள். அன்றன்றைக்கு அவர்களுக்கு இருந்தது களைப்பும், செய்து முடிக்க வேண்டிய வேலையும்.

இது பழைய மிஷனரிகளோடு தொடங்கிய காரியமும் இல்லை. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனம் நம் வீடுகளில் நாள்காட்டியிலும் வாசற்படிக்கு மேலும் தொங்குகிறது. அதற்கடுத்த வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. முன்னது பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனம். பதினாலாம் வசனத்தில் பவுல், ஆனாலும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னோடு பங்குகொண்டது நல்லது என்று சொல்லி, பிலிப்பி சபை அனுப்பிய பணத்துக்கும் பொருளுக்கும் நன்றி எழுதுகிறார். காவலில் இருந்தபடி எழுதிய கடிதம் அது. பெலன் கிறிஸ்துவினால் வருகிறது என்று சொன்ன மூச்சிலேயே, அது எப்பாப்பிரோதீத்து என்ற மனிதன் கையில் வந்து சேர்ந்ததையும் அவர் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலும், ஆசியாவில் தமக்கு நேரிட்ட வருத்தம் பெலத்துக்கு மிஞ்சியதாக இருந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று மறைக்காமல் எழுதுகிறார். பெலத்துக்கு மிஞ்சியது வராது என்று நாம் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வது பவுலின் அனுபவத்தோடு ஒத்துப்போகவில்லை.

இப்போது, நான் மருத்துவன் அல்ல என்று சொன்ன இடத்துக்கு வருகிறேன். ஜெபம் வறண்டது, இரவில் விழிப்பு, எதிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது துக்கமா, ஆவிக்குரிய வறட்சியா, மருத்துவம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு நோயா என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல என்னால் முடியாது, மூப்பராலும் முடியாது. ஆனால் இப்படிப்பட்ட நிலை இரண்டு வாரத்துக்குமேல் தினமும் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும், இந்தப் பதிலை மேலே படிப்பதை நிறுத்திவிட்டு இன்றைக்கே உங்கள் மருத்துவமனை மருத்துவரிடமும் துணைவியாரிடமும் சொல்லுங்கள். இன்னொன்று: மலேரியா வராமலிருக்க வாரம் ஒருமுறை விழுங்கும் மெஃப்ளோகுயின் மாத்திரை எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த மருந்து சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றை உண்டாக்கும். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் மருந்துக் குறிப்பில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. உங்களுக்கு நேர்ந்திருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. நீங்களாக அதை நிறுத்தவும் வேண்டாம், மாற்று மருந்து உண்டு, மருத்துவரைக் கேளுங்கள். நாள் முழுக்க மற்றவர் இரத்தப் பூச்சில் ஒட்டுண்ணியைத் தேடுகிற நீங்கள், உங்கள் இரத்தத்தில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவதில் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வராது. சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட எலியாவைத் தேவதூதன் முதலில் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிட்டு மறுபடியும் தூங்க விட்டான். இரண்டாம் தடவை எழுப்பிச் சாப்பிடச் சொன்னபோதுதான் பயணத்தைப்பற்றிய பேச்சே வருகிறது.

உடம்பைக் கவனித்தபின் ஜெபத்தைப்பற்றி. வார்த்தை வராதபோது சொந்த வார்த்தைகளைப் பிழிந்தெடுக்க முயலாதீர்கள். சுயமாகப் பொங்கி வரும் ஜெபம்தான் ஜெபம் என்ற எண்ணம் நம் கூட்டங்களில் வேரூன்றிவிட்டது. சபையோ நெடுங்காலமாக எழுதப்பட்ட ஜெபங்களையும் சங்கீதங்களையும் சொல்லித்தான் ஜெபித்து வந்திருக்கிறது. பதின்மூன்றாம் சங்கீதத்தைக் காலையிலும் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை இரவிலும் சத்தமாக வாசியுங்கள். எண்பத்தெட்டாவது சங்கீதம் மற்ற புலம்பல்களைப்போலக் கடைசியில் துதியாக மாறுவதில்லை. சிநேகிதரும் தோழரும் தூரமாகிவிட்டார்கள் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது. அப்படி ஒன்றை வேதாகமத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதே சிலருக்கு ஆறுதலாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாமாலைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து அம்மா சமையலறையில் பாடிய பாட்டு எதுவோ, அதைக் கதவை மூடிக்கொண்டு பாடுங்கள். கர்த்தருடைய ஜெபத்தை வேளை தவறாமல் சொல்லுங்கள். இதனால் உணர்ச்சி திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. எத்தனையோ பேருக்கு அது திரும்ப நாளாயிற்று.

தகப்பனாரைப்பற்றி எழுதும்போது மனதை அடக்கிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. பெட்டியைத் தூக்க முடியவில்லை, குழியில் ஒரு பிடி மண் போட முடியவில்லை, தொலைபேசித் திரையில் அடக்க ஆராதனையைப் பார்த்துவிட்டு மறுநாள் எட்டு மணிக்கு ஆய்வகத்துக்குப் போனீர்கள். வெளிநாட்டில் ஊழியம் செய்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கண்ட துக்கம் இது. பலருடைய ஜெபம் நின்றுபோனது இந்த இடத்தில்தான், அவர்களோ அதை வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இருக்கும் இடத்துச் சபையாரிடம் சொல்லி, தகப்பனாருக்காக ஒரு நினைவு ஸ்தோத்திர ஆராதனை வையுங்கள். ஆப்பிரிக்கச் சபைகளுக்குச் சாவு வீட்டில் உட்காரத் தெரியும். அவர்கள் உங்களிடம் வராததற்குக் காரணம், பெரும்பாலும், நீங்கள் சொல்லாததுதான். விடுமுறையில் ஊருக்கு வரும்போது முதல் வாரத்தில் எந்தச் சபையிலும் சாட்சி சொல்ல ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கல்லறைத் தோட்டத்துக்கும், அதற்கடுத்து அம்மாவிடமும் போங்கள்.

ஜெபக் கடிதத்தைப்பற்றிய உங்கள் குற்ற உணர்வு நியாயமானது. அதற்காக எல்லாவற்றையும் எல்லாச் சபைகளுக்கும் எழுதிவிடுவது நல்லதும் அல்ல. ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கப்படும் கடிதத்தில் பொய் இல்லாமல் இருந்தால் போதும்: இந்த மாதம் களைப்பாக இருக்கிறேன், தகப்பனாரை நினைத்துத் துக்கமாக இருக்கிறது என்ற இரண்டு வரி எந்தச் சபையையும் கவிழ்த்துவிடாது. மிச்சத்தை, வாய் காக்கத் தெரிந்த மூன்று நாலு பேருக்குத் தனியாக எழுதுங்கள். அவர்களில் ஒருவராவது ஊழியத்தில் இல்லாதவராக இருக்கட்டும். ஊழியக்காரருக்கு உடனே வசனம் வந்துவிடுகிறது. காணிக்கை நின்றுவிடுமோ என்ற பயமும் இதில் கலந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். குடும்பத்தின் சாப்பாடு அதில்தான் இருக்கிறது.

கடைசியாக, திரும்பி வரலாமா என்று நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பது. இதில் கர்த்தருடைய சித்தம் இன்னது என்று உங்களுக்காக நான் சொல்ல முடியாது; சொல்லுகிறவர் இருந்தால் கொஞ்சம் எட்டவே நில்லுங்கள். திரும்புவது தோல்வி என்ற எண்ணத்தை மட்டும் என்னால் மறுக்க முடியும். பவுலுக்கு உதவி கொண்டுபோன எப்பாப்பிரோதீத்து அங்கே மரணத்துக்குச் சமீபமாக நோயுற்றான். ஊராரை நினைத்து ஏங்கினான். தன் வியாதியின் செய்தி வீட்டுக்குப் போய்விட்டதே என்று வியாகுலப்பட்டான். பவுல் அவனைத் திருப்பி அனுப்பி, சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனம்பண்ணுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதினார். உங்கள் மாவட்டத்திலேயே ஊழியம் செய்தவர் ஒருவர் உண்டு: டோனாவூரில் பிள்ளைகள் காப்பகம் நடத்திய அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் முதலில் போனது ஜப்பானுக்கு, 1893இல். உடல்நிலை கெட்டு, அடுத்த வருடமே அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. 1895இல் இந்தியா வந்தவர், 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவே இல்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்டதிலிருந்து கடைசிவரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்து புத்தகங்கள் எழுதினார். ஜப்பானிலிருந்து திரும்பியதை வைத்து அவருடைய அழைப்பைத் தீர்ப்புச் செய்திருந்தால் டோனாவூர் இல்லை. திரும்பிய எல்லாருக்கும் இப்படி இரண்டாவது வாசல் திறந்தது என்று சொல்ல மாட்டேன்; ஊரிலேயே ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து, ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து, நிறைவாக வாழ்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

தீர்மானத்தை இந்த மாதம் எடுக்காதீர்கள். துக்கத்திலும் தூக்கமின்மையிலும் எடுத்த தீர்மானங்களைப் பலர் பிறகு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, உங்களை அனுப்பிய சங்கத்தின் செயலாளருக்கு ஒரு கடிதம். களைப்பாக இருக்கிறது, ஜெபியுங்கள் என்று பொதுவாக எழுதினால் ஜெபிக்கிறோம் என்று பொதுவாகப் பதில் வரும். மருத்துவப் பரிசோதனைக்கும் ஆறு வார விடுமுறைக்கும் அனுமதி வேண்டும், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை, என் வேலையை இன்னார் பார்த்துக்கொள்வார் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். மருத்துவரின் சீட்டை இணையுங்கள். துணைவியாரும் கையெழுத்துப் போடட்டும், ஏனென்றால் நீங்கள் எழுதிய கடிதம் முழுவதிலும் அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.